ஸ்ட்ரீம்ரிப்பர்: இணைய வானொலியைப் பதிவு செய்யும் மென்பொருள், ஒரு மதிப்புரை

இணைய வானொலியில் வரும் இசையைக் கணினியில் பதிவு செய்து பிறகு கேட்க உதவும் மென்பொருள்களில் பழையதும், என் கருத்தில் இன்றும் நம்பத்தக்கதுமான ஒன்று ஸ்ட்ரீம்ரிப்பர். திருட்டுத் தளங்களிலிருந்து பாடல்களை இறக்கும் பழக்கத்தை விட நினைப்பவர்கள், மாதச் சந்தா கட்டும் சேவைகளைத் தவிர வேறு நேர்மையான வழி உண்டா என்று கேட்கும்போது, வானொலியைப் பதிவு செய்யலாமே என்று பலரும் பதில் சொல்வதுண்டு. அந்தப் பதில் எந்த அளவுக்குச் சரி, இந்த மென்பொருள் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிகழ்ச்சியை முழுமையாகப் பதிவு செய்து வசதியான நேரத்தில் கேட்பதற்கு இது அருமையான கருவி. ஒலிபரப்பைப் பாடல் பாடலாக நறுக்கி இலவசத் தொகுப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கோ ஒலியின் தரத்திலும் ஏமாற்றம்தான், சட்டத்திலும் பிடிமானம் குறைவுதான்.

ஸ்ட்ரீம்ரிப்பர் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டற்ற மென்பொருள். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் குனு பொது உரிமத்தின் கீழ் வருகிறது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். நிலையத்தின் ஒலிபரப்பு முகவரியைக் கொடுத்தால் போதும். நிலையத்தின் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, ஒலிபரப்பாகும் பாடல் ஒவ்வொன்றையும் கலைஞர் பெயர், பாடலின் பெயர் ஆகியவற்றோடு தனித்தனிக் கோப்பாக எழுதத் தொடங்கிவிடும். பதிவு நடந்துகொண்டிருக்கும் பாடல் முதலில் முழுமையடையாதவற்றுக்கான உட்கோப்புறையில் இருக்கும்; முடிந்த பிறகே வெளியே நகர்த்தப்படும். நாம் இணையும்போது பாதியில் ஓடிக்கொண்டிருந்த முதல் பாடலும், நிறுத்தும்போது அறுந்துபோகும் கடைசிப் பாடலும் அந்த உட்கோப்புறையிலேயே தங்கிவிடுவதால், அரைகுறைப் பதிவுகள் நல்லவற்றோடு கலந்துவிடுவதில்லை. சிறிய ஏற்பாடு என்றாலும் பயன்படுத்துபவரின் நிலையை யோசித்துச் செய்த ஏற்பாடு.

இதன் மிகப் பெரிய சிறப்பு, ஒலியைத் தொடாமல் எடுத்து வைப்பது. கணினியின் ஒலி அட்டை வழியாகப் பதிவு செய்யும் மென்பொருள்கள், வந்த ஒலியை முதலில் விரித்து, பிறகு மறுபடியும் எம்பி3 ஆகச் சுருக்கி எழுதுகின்றன. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஒலியின் நுணுக்கங்களில் கொஞ்சம் கழிந்துபோகும். தாளத்தட்டின் ஒலி சலசலவென்று கரைவதை இரண்டாம் முறை சுருக்கிய பதிவுகளில் காதால் கேட்டே அறியலாம். ஸ்ட்ரீம்ரிப்பரோ நிலையம் எம்பி3, ஆக், ஏஏசி ஆகிய ஒலிச் சுருக்க வடிவங்களில் எதில் அனுப்பினாலும் அந்தத் தரவை அப்படியே வட்டில் எழுதுகிறது. நேரலையில் எது கேட்டதோ அதுவே பதிவிலும் கேட்கும். நடுவில் வேறொரு நிரல் மணி அடித்தாலும் அந்த ஒலி பதிவில் நுழையாது, கணினியின் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டாலும் பதிவு பாதிக்கப்படாது. பிடிக்கும் இடமும் அதிகமில்லை. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேர ஒலிபரப்பு ஏறத்தாழ 57.6 மெகாபைட், 192 கிலோபிட் என்றால் 86.4 மெகாபைட்.

பாடல்களைப் பிரிக்கும் வேலையில்தான் சிக்கல்கள் ஆரம்பமாகின்றன. அந்தச் சிக்கல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாதவர்கள் மென்பொருளைக் குறை சொல்வார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் ஆகிய இணைய ஒலிபரப்பு முறைகளில் இயங்கும் நிலையங்கள், ஒலித் தரவின் நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சிறு எழுத்துத் துண்டைச் செருகி அனுப்புகின்றன. பாடலின் பெயர் அதில்தான் இருக்கும். அந்த இடைவெளி எத்தனை பைட் என்பதை இணைப்புத் தொடங்கும்போதே நிலையம் அறிவித்துவிடும். இடைவெளி 16,000 பைட் என்றால், 128 கிலோபிட் ஒலிபரப்பில் அது சரியாக ஒரு நொடி. அதாவது பாடல் மாறியது என்ற செய்தியை மென்பொருள் நொடிக்கு ஒருமுறைதான் அறிய முடியும். இந்த ஒரு நொடிப் பிசகு மட்டும் இருந்தால் பெரிய பாதகமில்லை. பாடலின் பெயர் நிலையத்தின் ஒலிபரப்பு மென்பொருளிலிருந்து சேவையகத்துக்கு ஒரு வழியில் போகிறது. பாடலின் ஒலியோ அதைச் செம்மையாக்கும் கருவி, சுருக்கும் கருவி, சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடைத்தேக்கம் என்று பல படிகளைக் கடந்து வேறொரு வழியில் போகிறது. இரண்டும் ஒரே கணத்தில் வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெயர் முன்னால் வந்துவிட்டால் முந்தைய பாடலின் கடைசி வரிகள் அடுத்த கோப்பின் தலையில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னால் வந்தால் அடுத்த பாடலின் தொடக்க இசை முந்தைய கோப்பின் வாலில் போய்விடுகிறது.

இதைச் சரிசெய்ய ஸ்ட்ரீம்ரிப்பர் ஒரு நல்ல உத்தியைக் கையாள்கிறது. பெயர் மாறிய இடத்துக்கு முன்னும் பின்னும் சில நொடிகளை எடுத்து, அவற்றில் ஒலி மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்தைத் தேடி, அந்த மௌனத்தில் வெட்டுகிறது. எவ்வளவு தூரம் தேட வேண்டும், மௌனம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், பெயருக்கும் ஒலிக்கும் இடையே நிலையான இடைவெளி இருந்தால் அதை எத்தனை மில்லிநொடி தள்ளிக் கணக்கிட வேண்டும் என்பவற்றையெல்லாம் நாமே அமைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் பிசகு எப்போதும் ஒரே அளவில் இருக்குமானால், அந்த அளவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு பிரிப்பு வியக்கத்தக்க வகையில் துல்லியமாகிவிடும். பாடல்களுக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி விடும் நிலையங்களில், பெரும்பாலான கோப்புகளைக் கையால் திருத்த வேண்டிய தேவையே வராது.

ஆனால் மௌனம் இருந்தால்தானே அதைத் தேட முடியும்? துள்ளிசை நிலையங்கள் பல, ஒரு பாடல் தணியத் தொடங்கும்போதே அடுத்ததை எழுப்பி இரண்டையும் கலந்துவிடுகின்றன. அங்கே மென்பொருள் எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு பாடலுக்குக் காயம்தான். இதற்கு நேர்மாறான சிக்கல் செவ்விசையில் வருகிறது. நிறுத்தி நிதானமாக விரியும் ஆலாபனையிலும், பகுதிகளுக்கு நடுவே மௌனம் வைக்கும் சிம்பொனியிலும், இசையின் உள்ளேயே இருக்கும் அமைதியை முடிவு என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்து உண்டு. பெயர் மாறும் இடத்துக்கு அருகில் மட்டுமே தேடுவதால் இது அடிக்கடி நிகழ்வதில்லை. நிகழும்போது ஒரு படைப்பின் கடைசி இழை துண்டிக்கப்படுகிறது, அதைக் கேட்கும்போது மனம் சங்கடப்படுகிறது. அறிவிப்பாளர் பேசும் நிலையங்களில் பேச்சு பாடலோடு சேர்ந்து வரும். சில நிலையங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் முழக்கத்தையும் விளம்பரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய பாடல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் ஒரே பாடலைப் பல துண்டுகளாக எழுதிவைக்கும். எழுத்து வடிவங்களை அடையாளம் கண்டு தேவையற்றவற்றை ஒதுக்கும் விதிக் கோப்பு ஒன்றை நாமே எழுதிக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். அதை எழுதுவதற்குக் கொஞ்சம் பொறுமையும் பழக்கமும் வேண்டும்.

இன்னொரு நுட்பமான வரம்பும் உண்டு. எம்பி3 தரவு சிறு சிறு சட்டகங்களாக அமைந்தது, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. தரவை விரிக்காமல் வெட்ட வேண்டும் என்றால் இந்தச் சட்டகங்களின் எல்லையில்தான் வெட்ட முடியும். அதோடு, ஒரு சட்டகம் தனக்கு முந்தைய சட்டகங்களில் மிச்சமிருக்கும் இடத்தில் தன் தரவின் ஒரு பகுதியை வைத்திருக்கவும் கூடும். அதனால் வெட்டிய கோப்பின் முதல் சட்டகம் சில சமயம் சரியாக ஒலிக்காது. மௌனத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. இசையின் நடுவே வெட்டினால் ஒரு சிறு சொடுக்கு கேட்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, பாடல்களைத் தனித்தனியாக எழுதும் வேலையை நிறுத்திவிட்டு, ஒலிபரப்பு முழுவதையும் ஒரே கோப்பாக எழுதும் அமைப்பைத்தான். ஸ்ட்ரீம்ரிப்பரில் இதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. ஒலிக்கு ஒரு கோப்பும், எந்த நிமிடத்தில் எந்தப் பாடல் தொடங்கியது என்று குறித்துவைக்கும் கியூ கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் உருவாகும். கியூ கோப்பைப் படிக்கத் தெரிந்த இசை இயக்கியில் திறந்தால், முழு நிகழ்ச்சியும் பாடல் பட்டியலாகத் தோன்றும். வேண்டிய இடத்துக்குத் தாவலாம். பெயர் சில நொடி முன்பின்னாக வந்திருந்தாலும் எதுவும் இழப்பில்லை, ஏனென்றால் ஒலி எங்கும் வெட்டப்படவில்லை. தேவைப்பட்டால் எம்பி3டைரக்ட்கட் போன்ற இலவச நிரலில் அந்தக் கோப்பைத் திறந்து, அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்து, தரத்தில் எந்த இழப்பும் இல்லாமல் விளம்பரங்களை நீக்கிக்கொள்ளலாம். அறிவிப்பாளர் பாடலைப் பற்றிச் சொன்ன இரண்டு வாக்கியங்கள், அடுத்து என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, ஒரு பாடலுக்குப் பிறகு இன்னொன்றை வைத்தவரின் ரசனை ஆகியவை எல்லாம் நிகழ்ச்சியின் உயிர். பாடலை மட்டும் உருவிக்கொண்டு மற்றவற்றைக் குப்பை என்று ஒதுக்குபவர்கள் வானொலி தரும் பொருளின் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒலியின் தரத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். வானொலி நிலையங்கள் காரிலும் சமையலறையிலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய ஒலியை உயர்த்தியும் உரத்த ஒலியை அடக்கியும் சமன்செய்து அனுப்புகின்றன. பாடல்கள் சில சமயம் நீளம் குறைக்கப்பட்ட வடிவத்தில் வருகின்றன. குறுவட்டிலோ பணம் கொடுத்து வாங்கிய கோப்பிலோ இருக்கும் ஆழம் இதில் இருக்காது. ஒரு பாடல் உண்மையில் பிடித்துவிட்டால், அதன் முழு அழகையும் கேட்க அதை வாங்குவதுதான் வழி. பதிவு செய்த நிகழ்ச்சி எதை வாங்கலாம் என்று கண்டுபிடிக்க உதவுகிறது; வாங்குவதற்கு மாற்றாக அது ஒருபோதும் அமையாது.

இனி, எல்லோரும் கேட்கும் சட்டக் கேள்விக்கு வருகிறேன். திருட்டுத் தளத்திலிருந்து இறக்குவதற்கும் வானொலியிலிருந்து பதிவு செய்வதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. உரிமம் பெற்ற நிலையம் தான் ஒலிபரப்பும் இசைக்குப் பணம் செலுத்துகிறது. பதிவு செய்யப்பட்ட இசை ஒலிபரப்பாகும்போது கலைஞர்களுக்கோ தயாரிப்பாளர்களுக்கோ அல்லது இரு தரப்புக்குமோ நியாயமான ஊதியம் தரப்பட வேண்டும் என்ற கொள்கை 1961ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பண்பலை, மத்திய அலை நிலையங்கள் பாடலை எழுதியவர்களுக்கும் அவர்களின் வெளியீட்டாளர்களுக்கும் மட்டுமே பணம் தருகின்றன; ஆனால் இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும். சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அந்தத் தொகையை வசூலித்து, 50 விழுக்காட்டை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கும், 5 விழுக்காட்டைப் பின்னணியில் வாசித்த, பாடிய மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பெயர் வெளியே தெரியாத ஒரு வயலின் கலைஞருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நினைக்கும்போது, இந்த வழி ஏன் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்பது வாசகருக்குப் புரியும். திருட்டுத் தளம் இவர்களில் ஒருவருக்கும் ஒரு காசும் தருவதில்லை.

அதற்காக, உரிமம் பெற்ற நிலையத்திலிருந்து எதைச் செய்தாலும் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியின் பதிப்புரிமைச் சட்டம் 53ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான பிரதியை அனுமதிக்கிறது. பிரதி எடுக்கும் மூலம் வெளிப்படையாகவே சட்டவிரோதமானதாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதற்கு ஈடாக, பதிவுக் கருவிகளின் மீது ஒரு கட்டணம் வசூலித்துக் கலைஞர்களுக்குத் தரும் முறையை அந்த நாடு 1965இலேயே கொண்டுவந்துவிட்டது. பிரிட்டனில் தன் சொந்தப் பொருளிலிருந்து பிரதி எடுப்பதற்கு 2014இல் கொடுக்கப்பட்ட விலக்கை நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. ஆனால் ஒலிபரப்பை வசதியான நேரத்தில் கேட்பதற்காக வீட்டில் பதிவு செய்வது வேறு விஷயம். அதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவு தரும் அனுமதி இன்றும் இருக்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் 1984இல் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற வாக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. 1992ஆம் ஆண்டின் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் அங்கே நுகர்வோருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் சாதாரணக் கணினி அந்தச் சட்டம் சொல்லும் ஒலிப்பதிவுக் கருவி அல்ல என்று 1999இல் ரியோ எம்பி3 இயக்கி பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டதால், கணினியில் பதிவு செய்பவர் நியாயமான பயன்பாடு என்ற கொள்கையைத்தான் நம்பி நிற்க வேண்டும்.

இந்த விதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் இழை தெரியும். நிகழ்ச்சியைப் பிறகு கேட்பதற்காகத் தன் வீட்டில், தன் கருவியில், தனக்காகப் பதிவு செய்பவருக்கு ஆதரவு அதிகம். ஒலிபரப்பைப் பாடல்களாக உடைத்து நிரந்தரத் தொகுப்பாக மாற்றும்போது அந்த ஆதரவு மெலிந்துகொண்டே போகிறது. 2006இல் அமெரிக்க இசை நிறுவனங்கள் எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலியின் மீது வழக்குத் தொடர்ந்தபோது இதைத்தான் சொன்னார்கள். இன்னோ என்ற கையடக்கக் கருவி பாடல்களைத் தனித்தனியாகச் சேமித்து வரிசைப்படுத்த அனுமதித்ததே அவர்களுடைய புகார். அந்த வழக்குகள் பின்னர் சமரசத்தில் முடிந்தன. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் விகாஸ்ட் வழக்கில், பயனர் கேட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் மேகக் கணிமையில் பதிவு செய்து கொடுக்கும் சேவை தனிப்பட்ட பிரதி என்ற விலக்குக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் நம் கணினியிலேயே இயங்கி, நம் வட்டிலேயே எழுதும் ஸ்ட்ரீம்ரிப்பர் போன்ற கருவியை, யாரோ தங்கள் சேவையகத்தில் பதிவு செய்து அனுப்பும் சேவைகளைவிட மேலானது என்கிறேன். பதிவு செய்ததை நண்பருக்கு அனுப்புவது, தளத்தில் ஏற்றுவது, விற்பது ஆகியவை இந்த விலக்குகள் எதிலும் அடங்காது. நிலையத்தின் பயன்பாட்டு விதிகளில் பதிவு செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால் அதையும் மதிக்க வேண்டும்.

விருப்பப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான நிலையங்களை ஒரே நேரத்தில் கண்காணித்து, அந்தப் பாடல் எங்கே ஒலித்தாலும் பிடித்துக்கொண்டுவரும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றின் தொழில்நுட்பத் திறமையை மறுக்க முடியாது. ஆனால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, சட்டபூர்வ உரிமத்தில் (உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்காமல் சட்டத்தின் வழியாகவே கிடைக்கும் உரிமத்தில்) இயங்கும் இணைய நிலையங்கள் குறிப்பிட்ட பாடலைத் தேர்ந்தெடுப்பதற்காக ஒலிபரப்புகளைத் தானாகத் துழாவும் செயலைத் தடுக்க, பெரிய செலவோ சுமையோ இல்லாத அளவுக்கு, ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே இசை ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்களுக்கு மேலும், ஒரே கலைஞரின் நான்கு பாடல்களுக்கு மேலும் ஒலிபரப்பக் கூடாது என்பதும், பாடல் வரிசையை முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. வானொலி வானொலியாகவே இருக்க வேண்டும், கேட்டதைக் கொடுக்கும் கடையாக மாறக் கூடாது என்பதே இந்த விதிகளின் நோக்கம். அந்த நோக்கத்தைக் கருவியால் முறியடித்துவிட்டு, மூலம் சட்டபூர்வமானது என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்ட்ரீம்ரிப்பர் இணையும் ஒவ்வொரு முறையும் நிலையத்தின் கணக்கில் ஒரு நேயர் கூடுகிறார். அமெரிக்கச் சட்டபூர்வ உரிமத்தில் ராயல்டி பொதுவாக ஒரு பாடலுக்கு ஒரு நேயர் என்ற கணக்கில் கணக்கிடப்படுவதால், நீங்கள் பதிவு செய்யும் நேரத்துக்கும் கலைஞருக்குப் பணம் போகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பணத்தையும் இணைப்பின் செலவையும் நிலையம் தன் கையிலிருந்து கொடுக்கிறது. பல நிலையங்களை இரவு முழுவதும் பதிவில் போட்டுவிட்டு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்காமலேயே அழிப்பவர், நேயர்களின் நன்கொடையில் நடக்கும் சிறு நிலையங்களுக்குத் தெரியாமலேயே சுமையாகிவிடுகிறார். கேட்கப் போவதை மட்டும் பதிவு செய்யுங்கள். ஸ்ட்ரீம்ரிப்பரில் இருக்கும் மறுஒலிபரப்பு வசதியை இயக்கினால், பதிவு நடக்கும்போதே அதே இணைப்பிலிருந்து உங்கள் இயக்கியில் நேரலையையும் கேட்கலாம். நிலையத்துக்கு இரண்டாவது இணைப்பு தேவைப்படாது. இந்த வசதியை உருவாக்கியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1.64.6 என்ற பதிப்பு வெளிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் இணையம் மாறிவிட்டது. பாதுகாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் முகவரிகளில் மட்டும் ஒலிபரப்பும் நிலையங்களோடு இது இணைய முடியாது. ஒலியைச் சில நொடித் துண்டுகளாகப் பிரித்து அனுப்பும் எச்எல்எஸ் முறையையும் இது அறியாது. பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் பல இந்த முறைக்கு மாறிவிட்டதால், அவற்றின் நிகழ்ச்சிகளுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற மற்றொரு கட்டற்ற கருவியை நாட வேண்டியிருக்கும். அதுவும் ஒலியை மறுபடி சுருக்காமல் அப்படியே எழுதும். எத்தனை நேரம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்லலாம். ஆனால் பாடல் பெயர்களைப் பின்தொடர்ந்து கியூ கோப்பு எழுதிக் கொடுக்கும் வேலையை அது செய்வதில்லை. கட்டளை வரி பழகாதவர்களுக்கு இரண்டுமே முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும். தமிழில் பெயர் அனுப்பும் நிலையங்களில் எழுத்துக் குறியாக்க முறை சரியாக அமைக்கப்படாவிட்டால் கோப்பின் பெயர் கேள்விக்குறிகளாக வரும். அமைப்புக் கட்டளையில் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைக் குறிப்பிட்டுப் பார்க்கலாம்.

டிஏபி, டிஏபி+ எனப்படும் டிஜிட்டல் வானொலி முறைகளில் வான்வழி ஒலிபரப்பு கிடைக்கும் இடங்களில் இருப்பவர்களுக்கு இணையமே தேவையில்லாத வழி ஒன்றும் உண்டு. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அழைக்கப்படும் சிறிய யூஎஸ்பி அலை ஏற்பியைக் கணினியில் செருகி, வெல்லே.ஐஓ என்ற கட்டற்ற மென்பொருளை இயக்கினால், 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வரும் நிலையங்களைக் கேட்கலாம். ஒரே அலையில் பல நிலையங்கள் சேர்ந்து வருவது இந்த முறையின் இயல்பு. பழைய டிஏபி எம்பெக் இரண்டாம் அடுக்கு என்ற ஒலிச் சுருக்க முறையையும், 2007இல் வந்த டிஏபி+ அதைவிடச் சிக்கனமான எச்இ-ஏஏசி என்ற முறையையும் பயன்படுத்துகின்றன. பாடலின் பெயர் 128 எழுத்து வரையுள்ள ஓடும் வரியில் வரும். பெயரையும் கலைஞரையும் தனித்தனியாகக் குறிக்கும் வசதியை எல்லா நிலையங்களும் பயன்படுத்துவதில்லை என்பதால், இங்கே பாடல் வாரியாகப் பிரிப்பது இணைய வானொலியைவிடவும் கடினம். முழு நிகழ்ச்சியாகப் பதிவு செய்ய எந்தத் தடையும் இல்லை. வான்வழி ஏற்பியில் நிலையத்துக்குக் கூடுதல் செலவும் ஏற்படாது.

குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் வசதிகளான லினக்ஸின் கிரான், விண்டோஸின் பணி அட்டவணை ஆகியவற்றோடு ஸ்ட்ரீம்ரிப்பரை இணைத்தால், வாரந்தோறும் குறித்த நேரத்தில் வரும் நிகழ்ச்சி தானாகவே பதிவாகிவிடும். இதற்கான கட்டளையில் நிகழ்ச்சியின் நீளத்தை நொடிகளில் கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நேரலை நிகழ்ச்சிகள் கடிகாரத்துக்கு அடங்குவதில்லை. கோடை நேர மாற்றம் உள்ள நாட்டின் நிலையமாக இருந்தால், ஆண்டுக்கு இருமுறை அட்டவணையைத் திருத்த வேண்டும். இணைப்பு அறுந்தால் மென்பொருள் தானாக மறுபடி இணைந்துகொள்ளும். பதிவுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், மொத்த அளவு இத்தனை மெகாபைட்டைத் தாண்டினால் நிறுத்து என்ற வரம்பையும் முதல் நாளிலேயே அமைத்துவிடுவது நல்லது.